சாயம் மங்கிய சுருளும் அரக்குப் புடவையும்

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா அகப்பட்டது. திறந்து பார்த்தேன். 1989ஆம் ஆண்டில் எங்களூர்க் கோவில் மண்டபத்தில் நடந்த என் பெற்றோரின் திருமணத்தைப் படமெடுத்த நெகட்டிவ் சுருள்கள்! ஆல்பம் ஒரு மழைக்காலத்தில் நனைந்து பாழாகிவிட்டது. எஞ்சியவை இச்சுருள்களே. அவற்றுள் ஒரு படத்தில், தூணருகே என் பாட்டி நிற்கிறார். இன்று அவர் இல்லை. அவரை வண்ணத்தில் காட்டும் படம் எங்கள் வீட்டில் வேறு எதுவும் இல்லை.

சுருள்களை விடுதிக்குக் கொண்டுவந்தேன். ஸ்கேனர் வைத்திருந்த நண்பரின் உதவியால் கணினியில் ஏற்றினேன். ‘கிம்ப்’ என்னும் மென்பொருளால் நிறத்தைத் திருத்த முற்பட்டேன். 1995இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மாணவர் இருவர் தொடங்கிய மென்பொருள் அது. இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது. இவ்வேலையில் நான் கற்றதையும் தவறியதையும் நம் சங்க நண்பர்களிடம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இத்தகைய டப்பா உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும் அன்றோ?

முதலில் பிலிமின் இயல்பை அறிதல் வேண்டும். வண்ண நெகட்டிவில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளைத் தனித்தனியே ஏற்கும் அடுக்குகள் உள்ளன. கழுவிய பின் அவற்றில் முறையே மஞ்சள், மெஜெந்தா, சயான் என்னும் சாயங்கள் உண்டாகின்றன. இவை போதா என்று சுருள் முழுவதும் ஒரு செம்மஞ்சள் நிறம் படர்ந்திருக்கும். பலரும் இதைப் பழுது என்று எண்ணுகின்றனர். பழுதன்று. மெஜெந்தாவும் சயானும் தூய சாயங்கள் அல்ல. அக்குறையை ஈடுசெய்யவே அந்நிறம் வேண்டுமென்று வைக்கப்பட்டது. அதைக் கழிக்காமல் படத்தை நேராகப் புரட்டினால், செம்மஞ்சள் நீலமாகி, மணமக்கள் கடலடியில் நிற்பதுபோல் தோன்றுவர்.

முதுமையும் ஒரு தொல்லை. வெப்பத்திலும் ஈரத்திலும் மூன்று சாயங்களும் ஒரே அளவாக மங்குவதில்லை. ஆகவே படத்தின் இருண்ட பகுதியில் ஒரு நிறச்சாயல், வெளிச்சமான பகுதியில் வேறொரு சாயல் என்று காண்கிறோம். படம் முழுவதற்கும் ஒரே மருந்து பலிக்காததன் காரணம் இதுவே. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே திருத்த வேண்டும்.

அதற்குரிய முறையைச் சுருங்கச் சொல்கிறேன். ஒவ்வொரு நிறத்திற்கும் 16 பிட் அளவில் பதிவு செய்யுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்திற்கு 256 படிகளே உண்டு. 16 பிட்டில் 65,536. மங்கிய நிறத்தை இழுத்து விரிக்கும்போது படிகள் குறைவாக இருந்தால், வானமும் சுவரும் பட்டை பட்டையாகப் பிளவுபடும். படத்தின் ஓரத்தில் ஒளிபடாத பிலிம் பட்டையையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். புரட்டிய பின் அதுவே கருமையின் எல்லை. அதனினும் இருண்டது படத்தில் இராது. பிறகு ஒவ்வொரு நிறத்திலும் கருமையின் எல்லையையும் வெண்மையின் எல்லையையும் பொருத்துங்கள். இறுதியாக, நிறமற்ற சாம்பல் பொருள் ஒன்றைப் படத்தில் தேடி, அவ்விடத்தில் மூன்று எண்களும் சமமாகுமாறு நடுப்பகுதியை நகர்த்துங்கள். திருத்தியதை வேறு பெயரில் சேமியுங்கள், மூலப்பதிவைத் தொடாதீர்கள்.

இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். தந்தையார் உடுத்தியிருந்த வேட்டி வெண்மை என்று நம்பி, அதையே அளவாகக் கொண்டேன். படம் பளிச்சென்று ஆயிற்று. பெருமையுடன் அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே தொலைபேசி மணி அடித்தது.

“இது யார் புடவைடா? நான் கட்டினது அரக்கு. நீ கத்தரிப்பூ கலரைக் கட்டிவிட்டிருக்கியே!”

பின்னர் விளங்கிற்று. அது மஞ்சள் தோய்த்த முகூர்த்த வேட்டி! அந்த மஞ்சளைப் போக்க மென்பொருள் படமெங்கும் நீலத்தைக் கூட்டியது. அரக்கோடு நீலம் சேர்ந்து கத்தரிப்பூ ஆயிற்று. கருவி பொய் சொல்லவில்லை. நான் சொன்ன பொய்யை நம்பியது, அவ்வளவே. தானியங்கிப் பொத்தான்கள் சிலவற்றின் கதையும் இத்தகையதே. படத்தின் சராசரி நிறம் சாம்பல் என்று அவை கொள்கின்றன. பட்டும் பொன்னும் நிறைந்த நம் கலியாணப் படத்தில் அக்கணக்கு எங்ஙனம் பொருந்தும்?

மீண்டும் தொடங்கினேன். இம்முறை மண்டபத்தின் கருங்கல் தூணை அளவாகக் கொண்டேன். வேட்டியின் மஞ்சள் மீண்டது, புடவையும் அரக்காயிற்று. தீபாவளி விடுமுறையில் அம்மா பீரோவிலிருந்து அப்புடவையை எடுத்து, வெளிச்சம் படாத உள்மடிப்பைப் பிரித்துக் கணினித் திரையருகே பிடித்தார். சற்றேறக்குறைய ஒத்திருந்தது.

அப்போது உடனிருந்த உறவினர் ஒருவர், “பாட்டி முகத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கிடேன்” என்றார். ஒரு கோட்டை மேலே இழுத்தால் போதும். என் கையும் நகர்ந்தது. அம்மா தடுத்தார்.

“எங்கம்மா கறுப்புதான். அந்தக் கறுப்புதான் எனக்கு வேணும்.”

பாட்டி நிழலில் நின்றதால் உண்டான இருட்டு வேறு. அவருடைய நிறம் வேறு. முன்னதைத் திருத்தலாம், பின்னதைத் தொட நமக்கு உரிமை இல்லை. இரண்டையும் பிரித்தறிய அருகிலிருந்த தூணே எனக்குத் துணை செய்தது. நிழலிலுள்ள கல் கல்லாகத் தெரியும் அளவுக்கே ஒளியைக் கூட்டி நிறுத்தினேன். பாட்டியின் மூக்குத்தி தெரிந்தது. அம்மா நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, நிறத்தைத் திருத்துவது அழகு செய்வதன்று. அன்று இருந்ததை இன்று காண்பது. அடுத்த விடுமுறையில் உங்கள் அலமாரிகளைத் திறந்து பாருங்கள். சாயங்கள் நமக்காகக் காத்திரா. ‘இது என் புடவை இல்லை’ என்று சொல்லத்தக்கவர்கள் நம்மோடு இருக்கும்போதே இவ்வேலையைச் செய்துவிடுவோம்.