பிளாட்டினத்தின் பிடியில் எரிபொருட் கலம்

ஐதரசனை எரிக்காமலேயே அதிலிருந்து மின்சாரத்தைப் பெற்றுத் தருவது எரிபொருட் கலம். அதிலிருந்து கழிவாக வெளியேறுவது நீர் மாத்திரமே. ஆயினும், 1842 இல் வில்லியம் குரோவ் அமைத்த வாயு மின்கலம் முதல் இன்றைய வாகனங்கள் வரை, இத்தொழில்நுட்பம் பிளாட்டினம் என்ற விலையுயர்ந்த உலோகத்தைச் சார்ந்தே நிற்கின்றது.

இதற்குக் காரணம் உண்டு. வாகனங்களில் பயன்படும் கலத்தினுள் ஐதரசன் எளிதாகப் பிரிந்துவிடும். ஆனால், மறுமுனையில் ஒட்சிசன் நீராக மாறும் தாக்கம் மிக மந்தமானது. அதனை விரைவுபடுத்தவும், அங்குள்ள அமிலச் சூழலில் கரையாது நிலைத்திருக்கவும் வல்ல ஊக்கிகள் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது பிளாட்டினம்.

எனினும், தாக்கம் நிகழ்வது உலோகத்தின் மேற்பரப்பில் மாத்திரமே. உள்ளே புதைந்துகிடக்கும் அணுக்களால் பயனில்லை. இதனை உணர்ந்தே, பிளாட்டினத்தை நுண்துகள்களாகக் காபன் மீது பரப்பி, அயன்களைக் கடத்தும் பல்பகுதியத்தை மின்வாயினுள் ஊடுருவச் செய்யும் முறை உருவானது. 1980களில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடம் இம்முறையினால் சதுர சென்ரிமீற்றருக்கு 4 மில்லிகிராமாக இருந்த தேவையை 0.4 மில்லிகிராமாகக் குறைத்தது. 2014 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் வாகனத்தில் பிளாட்டினத்துடன் கோபால்ற்றும் கலக்கப்பட்டது.

பிளாட்டினத்தை முற்றாகவே தவிர்க்கும் முயற்சியும் தொடர்கின்றது. இரும்பு, நைதரசன், காபன் ஆகியவற்றாலான ஊக்கிகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால், அமிலச் சூழலில் அவை விரைவில் வலுவிழந்து விடுகின்றன. பிளாட்டினத்தை அளவுக்கு மீறிக் குறைத்தாலும் ஆபத்து உண்டு. துகள்கள் கரைந்தோ ஒன்றுதிரண்டோ போகும்போது, எஞ்சியிருப்பது போதாமற் போய்விடும். எனவே, தொடக்கத்தில் எத்தனை கிராம் மிச்சம் என்பதை விட, கலம் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதே சரியான அளவுகோலாகும்.

இவ்விடயத்திற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உலகச் சுரங்கங்களிலிருந்து கிடைக்கும் பிளாட்டினத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் தென்னாபிரிக்காவினுடையது. 2012 ஆகஸ்ட் 16 ஆம் திகதி, மரிக்கானாவில் ஊதிய உயர்வு கோரிய பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர் 34 பேர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததை உலகம் மறந்துவிடலாகாது. தூய எரிசக்தி என்று நாம் போற்றுவதன் விலையில் அவர்களது வியர்வையும் அடங்கியுள்ளது.

பிளாட்டினத்தின் தேவை குறைவது எரிபொருட் கலத்தை மலிவாக்கும்; ஒரே நாட்டில் தங்கியிருக்கும் நிலையையும் தளர்த்தும். அதேவேளை, சுரங்கத்தையே நம்பி வாழும் குடும்பங்களுக்கு மாற்று வழி என்ன என்ற வினாவையும் எழுப்பும். பழைய கலங்களிலிருந்து உலோகத்தை மீட்டெடுப்பதற்கும், அத்தொழிலாளரின் எதிர்காலத்திற்கும் இப்போதே திட்டமிடுவது அவசியமாகும். விஞ்ஞானத்தின் வெற்றி ஆய்வுகூடத்தில் தொடங்கலாம். அது அங்கேயே முடிந்துவிடக் கூடாது.