நாறும் சேறும் நாறாத வாயுவும்

திருப்பாலைவனத்தைத் தாண்டிப் பழவேற்காட்டுப் பக்கம் போனால், தண்ணீர் வற்றிய நாட்களில் உப்புநீர் ஏரிச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை வரும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் அந்த வாடைதான் ஏரி நமக்குச் செய்யும் உபகாரத்துக்குச் சாட்சி.

காற்றுப் புகாத இடத்தில் எது அழுகினாலும், கடைசியில் அதைத் தின்ன வருபவை பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிரிகள். உப்புநீரில் மட்டும் அவற்றுக்குப் பலத்த போட்டி. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் உண்டு. அதைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு இரையைத் தீர்த்துவிடுகின்றன. அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் நாறுகிறது. அதனால்தான் உப்பங்கழிகளிலிருந்து, நன்னீர்ச் சதுப்புகளைவிடப் பொதுவாகக் குறைவான மீத்தேனே கிளம்புகிறது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் வரத்து குறைந்து, ஆரணியாற்று வெள்ளமும் ஊர்க்கழிவும் சேர்ந்தால் இந்தக் கணக்கு மாறும். முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும் என்று மீனவர்கள் கேட்பது மீனுக்காகவும் இறாலுக்காகவும். பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் அவர்களோடு சேர்ந்து கேட்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குப்பைக்குழியில் இந்தப் போட்டி கிடையாது. மீன் குடல், செதில், மீந்த சோறு, காய்த்தோல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் முடிந்து எறிகிறோம். மேலே மேலே குப்பை விழுந்து, மழையில் ஊறி, உள்ளே காற்று அற்றுப்போகிறது. அங்கே உண்டாகும் மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எடைக்கு எடை பார்த்தால், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 27 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். காற்றில் அதன் ஆயுளோ ஏறக்குறைய 12 ஆண்டுகள்தான். இன்று குறைத்தால் பலனைப் பார்க்கப் பேரன் காலம்வரை காத்திருக்க வேண்டாம். குழிக்குத் தீ வைப்பது தீர்வாகாது. பிளாஸ்டிக் புகை விஷம், கரித்துகளும் வெயிலை உறிஞ்சிச் சூட்டைக் கூட்டும்.

குப்பை வண்டி வந்து அள்ளிப்போனால் ஊர் சுத்தம் என்று நினைக்கிறோம். சென்னையும் அப்படித்தான் நினைத்தது. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பின் மீதே வளர்ந்து, 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தது. கலந்து கொட்டியதைப் பிரித்தெடுக்கப் பிறகு கோடிக்கணக்கில் செலவானது. மீன்பிடிக் கிராமங்கள் அந்த வழியில் போகவேண்டிய அவசியமே இல்லை. இங்கே குப்பையில் கனமானது மீன்கழிவுதான். இறாலை உரித்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தலையும் ஓடுமே மிஞ்சும்.

இயற்கை விவசாயிகளுக்கு இதற்கு ஒரு வழி தெரியும்: மீன் அமிலம். மீன்கழிவும் நாட்டுச்சர்க்கரையும் சம எடை, மூடிய வாளியில் சுமார் மூன்று வாரம். சர்க்கரை கழிவிலிருந்து நீரை இழுக்கிறது; நொதிக்கும்போது புளிப்பு ஏறுகிறது. மீத்தேன் நுண்ணுயிரிகளுக்குப் புளிப்பு ஆகாது. வடிகிற சாற்றில் சில மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து பயிருக்குத் தெளிக்கிறார்கள்.

ஆனால் சர்க்கரை சும்மா வராது. சந்தையில் தினமும் சேரும் கழிவு முழுவதற்கும் இது கட்டுப்படியாகாது, அதற்கு உரக்குவியல்தான். மீனில் நைட்ரஜன் அதிகம் என்பதால் வைக்கோல், தென்னை நார், காய்ந்த சருகு தாராளமாக வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் என்பது கணக்கு. சருகு குறைந்தால் அமோனியா மூக்கைத் துளைக்கும்; கூடவே வெப்பத்தைப் பிடிப்பதில் கரியமில வாயுவைவிட 273 மடங்கு கெட்டிக்காரனான நைட்ரஸ் ஆக்சைடும் கிளம்பும். அவ்வப்போது புரட்டிவிட்டுக் காற்றுப் படவைத்தால் மீத்தேன் பெரும்பாலும் தலைகாட்டாது.

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீடு வீடாகப் பிரித்து வாங்கும் தூய்மைக் காவலர்கள் ஊராட்சிகளில் இருக்கிறார்கள். நாம் கலந்து கொடுத்ததைக் கையால் பிரிப்பதும் அவர்கள்தான். குப்பை அவர்கள் கைக்குப் போகும் முன்பே, மீன் வெட்டும் இடத்திலேயே மூடியுள்ள ஒரு டிரம்மும் பக்கத்தில் ஒரு மூட்டைச் சருகும் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஊராட்சிக்கு இது பெரிய செலவும் இல்லை.