பாலத்துக்கு அடியில் ஒரு பூதம்!

குட்டீஸ், 'அந்தப் பாலத்துக்கு அடியில் பூதம் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்? அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டீர்கள், இல்லையா? ஆனால், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பிள்ளைகள் பூதத்தைத் தேடிக்கொண்டு ஓடுகிறார்கள். அதன் கை மேல் ஏறுகிறார்கள். தோளில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பூதமும் பாவம், பேசாமல் இருக்கிறது!

இந்தப் பூதம் இருக்கும் பேட்டையின் பெயர் ஃப்ரீமான்ட். அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் குறும்புக்காரர்கள். தங்கள் பேட்டைக்குத் தாங்களே ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டார்கள். என்ன பட்டம் தெரியுமா? 'பிரபஞ்சத்தின் மையம்!' சும்மா சொன்னால் யார் நம்புவார்கள் என்று, ஒரு கைகாட்டி மரத்தையே நட்டுவிட்டார்கள். எந்த ஊர் எந்தப் பக்கம் என்று அதில் எழுதியிருக்கும். 'யார் இதை அளந்து பார்த்தது?' என்று கேட்காதீர்கள். 'இல்லை என்று நீங்கள் நிரூபியுங்கள், பார்க்கலாம்' என்பார்கள்!

குப்பைமேடு போய் பூதம் வந்தது

சியாட்டிலில் அரோரா பாலம் என்று ஒரு பெரிய பாலம் உண்டு. 1932-ல் கட்டியது. அதன் வடக்கு முனையில், பாலத்துக்கு அடியில் இருந்த இடம் ஒரு காலத்தில் கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. குப்பை கொட்டுவார்கள். இருட்டிவிட்டால் அந்தப் பக்கம் போகவே பயம்.

'வேலி போட்டு மூடிவிடலாம்' என்று விட்டிருக்கலாம். ஃப்ரீமான்ட் கலைக் குழுவினர் அப்படிச் செய்யவில்லை. அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று 1989-ல் ஒரு போட்டி நடத்தினார்கள். பூதம் ஜெயித்தது! ஏன் பூதம்? பாலத்துக்கு அடியில் வசிக்கும் பூதங்களைப் பற்றி நார்வே நாட்டில் பழைய கதைகள் உண்டு. பாலம் இருக்கிறது, பூதம்தான் பாக்கி என்று நினைத்துவிட்டார்கள் போல.

நான்கு கலைஞர்கள் சேர்ந்து 1990-ல் பூதத்தை உருவாக்கினார்கள். இரும்புக் கம்பிகளால் எலும்புக்கூடு. அதன் மேல் கம்பி வலை. அதற்கு மேல் சிமெண்ட் பூச்சு. உயரம் 18 அடி. தரையிலிருந்து பாதி உடம்பு வெளியே வந்ததுபோல் இருக்கும். ஒரு கண்ணை முடி மறைத்திருக்கும். இன்னொரு கண் பளபளவென்று மின்னும். ஒரு கையில் என்ன வைத்திருக்கிறது தெரியுமா? நிஜமான ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார்! பாலத்தில் போன காரை 'லபக்' என்று பிடித்துக்கொண்டு வந்ததுபோல் இருக்கும்.

அந்தக் காருக்குள் எதிர்காலத்தில் வருபவர்கள் பார்ப்பதற்காகச் சில பொருட்களை வைத்திருந்தார்கள். பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் சிறிய சிலையும் அதில் ஒன்று. யாரோ காரை உடைத்து அதைத் திருடிவிட்டார்கள். 'நல்லது செய்தால் இப்படித்தான்' என்று அலுத்துக்கொண்டு பூதத்தை அப்புறப்படுத்தவில்லை. காருக்குள் கான்கிரீட்டைக் கொட்டி நிரப்பிவிட்டார்கள். இனி எதைத் திருடுவது? 2005-ல் பாலத்துக்கு அடியில் இருக்கும் அந்தச் சாலைக்கே 'பூதம் சாலை' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள்.

சட்டை போட்டுக்கொள்ளும் சிலைகள்

அதே பேட்டையில் இன்னொரு வேடிக்கை. 1910 முதல் 1939 வரை சியாட்டிலுக்கும் எவரெட் என்ற ஊருக்கும் இடையே ஒரு மின்சார ரயில் ஓடியது. அதற்காகக் காத்திருப்பதுபோல் ஆறு பேரும் ஒரு நாயும் நிற்கும் அலுமினியச் சிலையை, ரிச்சர்ட் பேயர் என்ற சிற்பி செய்தார். 1978-ல் அதை வைத்தார்கள். ரயில் நின்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இவர்கள் மட்டும் இன்னும் காத்திருக்கிறார்கள்!

'பாவம், சும்மாவே நிற்கிறார்களே' என்று அக்கம்பக்கத்துக்காரர்கள் அவர்களுக்குச் சட்டை, தொப்பி, மப்ளர் எல்லாம் மாட்டிவிடுகிறார்கள். யாருக்காவது பிறந்தநாளா? கல்யாணமா? சிலைகளுக்கும் பலூன் உண்டு, மாலை உண்டு.

அந்த நாயின் முகத்தை உற்றுப் பார்த்தால் மனித முகம்போல இருக்கும். அது ஆர்மன் ஸ்டெபானியன் என்பவரின் முகம் என்கிறார்கள். அவர் ஒரு காலத்தில் ஃப்ரீமான்ட்டின் 'மேயராக' இருந்தவர். அதிகாரம் எதுவும் கிடையாது, பேருக்குத்தான் மேயர்! ஆனால், வீட்டுக் குப்பையிலிருந்து மறுபடி பயன்படும் பொருட்களைச் சேகரிக்கும் வேலையை 1970-களிலேயே அந்தப் பேட்டையில் ஆரம்பித்தவர் அவர். சிற்பிக்கும் அவருக்கும் ஏதோ மனஸ்தாபம், அதனால்தான் இந்தக் குறும்பு என்று ஒரு பேச்சு உண்டு.

எழுத்தே இல்லாத ஊர்வலம்

ஜூன் மாதத்தில் ஒரு நாள், வருடத்திலேயே பகல் நீளமாக இருக்கும். அதைக் கொண்டாட 1989-ல் இங்கே ஓர் ஊர்வலம் ஆரம்பமானது. இதற்குச் சில விதிகள் உண்டு. மோட்டார் வண்டி கூடாது. உயிருள்ள விலங்குகளைக் கொண்டுவரக் கூடாது. எழுத்தும் கூடாது, கம்பெனி முத்திரையும் கூடாது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். மோட்டார் இல்லை என்றால் ராட்சத பொம்மையை யார் தள்ளுவது? பத்துப் பேர் சேர்ந்துதான் தள்ள வேண்டும். எழுத்து இல்லை என்றால் யாரும் விளம்பரம் செய்ய முடியாது. பணம் இருப்பவர், இல்லாதவர் என்ற பேதமும் தெரியாது. அட்டை, துணி, பசை, அதோடு உங்கள் மூளை, இவ்வளவு போதும்! ஊர்வலத்துக்குப் பல நாட்கள் முன்பே எல்லாரும் ஓரிடத்தில் கூடி, பொம்மைகளையும் முகமூடிகளையும் செய்வார்கள். பக்கத்து வீட்டில் இருந்தும் பேசிப் பழகாதவர்கள்கூட, 'அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் கொடுங்களேன்' என்பதில் ஆரம்பித்து நண்பர்களாகிவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் முறை!

'எங்கள் தெருவில் பூதம் வைக்க முடியுமா?' என்று கேட்கிறீர்களா? பூதம் வேண்டாம். உங்கள் தெருவிலும் யாரும் கண்டுகொள்ளாத ஒரு மூலை இருக்கும்தானே? முதலில் அதைப் போய்ப் பாருங்கள். அங்கே என்ன இருந்தால் எல்லாரும் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள் என்று நண்பர்களோடு பேசுங்கள். ஒரு சுவர் ஓவியமா? பழைய டயரில் பூச்செடியா? வைக்கோல் பொம்மைக்கு வாரம் ஒரு வேஷமா?

இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்க மறக்காதீர்கள். கூட ஒரு பெரியவரை அழைத்துப் போங்கள். வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பேசக் கூச்சப்படும் பிள்ளை ஒருவர் இருப்பார். அவரிடம் வண்ணம் தீட்டும் வேலையைக் கொடுங்கள், கூச்சம் போய்விடும். எல்லாம் முடிந்ததும் குப்பையை நீங்களே அள்ளிவிடுங்கள்.

யாராவது அதைக் கெடுத்துவிட்டால்? கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். அப்போது வயிற்றில் கான்கிரீட்டோடு பூதத்தின் கையில் இருக்கும் அந்தக் காரை நினைத்துக்கொள்ளுங்கள். மறுபடி ஆரம்பியுங்கள்!