பதினொரு மணிக் காற்று

நேபாளத்தின் காலி கண்டகிப் பள்ளத்தாக்கில், காக்பேனியிலிருந்து தெற்கே மார்ஃபாவுக்கு நடப்பவர்கள் விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஏறத்தாழ 16 கிலோமீட்டர்தான். பெரிய ஏற்றமும் கிடையாது. ஆற்றின் அகன்ற கூழாங்கல் படுகையை ஒட்டியே வழி போகிறது. பிறகு ஏன் அவசரம்? முற்பகல் பதினொரு மணி வாக்கில் தெற்கிலிருந்து காற்று எழும். எழுந்துவிட்டால் மணலை அள்ளி முகத்தில் அறையும், குனிந்து குனிந்துதான் நகர முடியும். வடக்கே போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அதே காற்று அவர்கள் முதுகைத் தள்ளிவிடுகிறது.

மதியத்துக்கு மேல் நம் கரையோரத்தில் வீசும் கடற்காற்றின் விதிதான் இதற்கும்: சூடான பக்கத்தை நோக்கிக் குளிர்ந்த காற்று ஓடிவருகிறது. சூடான பக்கம் இங்கே வடக்கிலுள்ள முஸ்தாங். இந்த நடைவழியிலேயே உள்ள ஜோம்சோமில் ஆண்டு மழை 300 மி.மீ.கூடத் தேறாது, அதற்கும் வடக்கே இன்னும் வறட்சி. ஈரமோ செடியோ இல்லாததால் வெயிலின் வெப்பம் நீரை ஆவியாக்குவதில் செலவாகாமல் தரையையும் காற்றையுமே சுடுகிறது. போதாததற்கு, பள்ளத்தாக்கின் இடத்தில் பெரும்பகுதியை மலைகளே அடைத்திருக்கின்றன. சமவெளிக்கு விழும் அதே வெயில் இங்கே குறைந்த அளவு காற்றைச் சூடாக்கினால் போதும். அழுத்தம் சரிகிறது. தெற்கிலிருந்து ஈடுகட்ட வரும் காற்றுக்கு மேற்கே 8,167 மீட்டர் தவளகிரி, கிழக்கே 8,091 மீட்டர் அன்னபூர்ணா. நடுவில் ஆறு ஓடுவதோ சுமார் 2,500 மீட்டர் உயரத்தில். அந்த இடுக்கில் நுழைந்து வெளிவரும் காற்று ஜோம்சோம் பக்கம் நொடிக்கு 15 மீட்டரையும் தாண்டும். இரவில் மலையிறங்கும் எதிர்க்காற்று இதன் முன் வெறும் பெயருக்குத்தான்.

இந்த வாசலை அறுத்ததும் ஆறுதான். மலை எழுவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த ஆறு, மலை எழ எழ அறுத்துக்கொண்டே வந்தது என்பது பரவலான விளக்கம். எழுந்த நிலம் முன்பு டெதிஸ் கடலின் அடித்தளம். படுகையில் கிடக்கும் கரிய கற்களை உடைத்தால் உள்ளே சுருள் சுருளாக அம்மோனைட் புதைபடிவம் இருக்கும், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. சாளக்கிராமம் என்று நாம் பூசிப்பது அதைத்தான். மேலேயுள்ள முக்திநாத்தை, திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமமாக வைணவர்கள் கொள்கிறார்கள். கல் தேடிக் குனிந்தே பொழுதைப் போக்கினால் பதினொரு மணி ஆகிவிடும், ஜாக்கிரதை.

ஜோம்சோமின் சின்ன விமான நிலையத்திலும் இதே கணக்குதான். விமானங்கள் காலையிலேயே வந்து திரும்பிவிடும். தவறவிட்டவர் மறுநாள் வரை காத்திருக்கலாம், அல்லது ஜீப் தேடலாம்.