வெள்ளிக்குச் சாட்சி சொல்லும் முத்திரை



விற்பவரே தம் பொருளின் தரத்துக்குச் சாட்சி சொன்னால் அது செல்லுபடியாகுமா? ஆகாது என 700 ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்தது இங்கிலாந்து. அந்நாட்டின் பழைய வெள்ளித் தட்டு, கரண்டி, தேநீர்க் கெண்டி ஆகியவற்றில் காணப்படும் சின்னஞ்சிறு முத்திரைகளே அதற்குச் சான்று.

வெள்ளிக் கலங்களில் உண்பதையும் பருகுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதால், அவை நம் உணவு விரிப்புக்கு உரியவை அல்ல. ஆயினும் அம்முத்திரைகள் உணர்த்தும் வணிக நேர்மை நாம் அறியத் தக்கதே.

தூய வெள்ளி மென்மையானது, எளிதில் நெளியும். ஆகவே 1000 பங்கில் 925 பங்கு வெள்ளியும், எஞ்சிய பங்கு பெரும்பாலும் செம்புமாகக் கலப்பர். இதுவே 'ஸ்டெர்லிங்' வெள்ளி. இத்தரத்துக்குக் குறைந்ததை விற்கலாகாது என 1300ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் எட்வர்டின் சட்டம் விதித்தது. சோதனையில் தேறியதற்குச் சிறுத்தைத் தலை முத்திரை இடப்பட்டது. 1363இல் செய்தவரின் அடையாளமும் கட்டாயமாயிற்று.

தொடக்கத்தில் அதிகாரிகள் கடைகளுக்குச் சென்று சோதித்தனர். 1478 முதல், லண்டன் பொற்கொல்லர் மன்றத்துக்கே பொருள்களைக் கொண்டுவந்து மாற்றுப் பார்க்கும் முறை வந்தது. மன்றம் ஆங்கிலத்தில் 'ஹால்' எனப்படும். அங்கே இடப்பட்ட முத்திரை 'ஹால்மார்க்' ஆயிற்று. ஆண்டுதோறும் மாறும் ஓர் எழுத்தும் உடன் பொறிக்கப்பட்டது. பின்னாளில் குறை தெரிந்தால், எவருடைய பொறுப்பில் சோதனை நடந்தது என்பதை அவ்வெழுத்து காட்டிக் கொடுக்கும். சோதித்தவரையும் சோதிக்க வழி செய்தது எத்துணைச் சிறப்பு! 1544இல் நடக்கும் சிங்கமும் சேர்ந்தது. 1773இல் பர்மிங்காம் நங்கூரத்தையும், ஷெஃபீல்டு மணிமுடியையும் தத்தம் நகரச் சின்னங்களாகப் பெற்றன.

எனினும், பேராசை ஓயவில்லை. 1720இல் வெள்ளிப் பொருள்களின் எடைக்கு வரி வந்தபோது, சிறிய பொருளுக்கு முத்திரை பெற்று, அத்துண்டை வெட்டிப் பெரிய கலத்தில் பற்றவைத்து வரி ஏய்த்தோர் உண்டு. இத்தகைய கலத்தின்மீது வாயால் ஊதினால், ஒட்டிய விளிம்பு ஆவிப் படலத்தில் கோடாகத் தெரிவதுண்டு. 1840இல் மின்வழி வெள்ளி முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெறப்பட்ட பின், 'ஈ.பி.என்.எஸ்.' என்னும் எழுத்துகளைத் தனித்தனிக் கட்டங்களில், ஹால்மார்க் போலவே தோன்றுமாறு பொறித்தனர். அவை முலாம் பூசியவை. ஸ்டெர்லிங் வெள்ளி அல்ல.

பிரிட்டனில் இன்றும் லண்டன், பர்மிங்காம், ஷெஃபீல்டு, எடின்பரோ ஆகிய 4 நிலையங்கள் இப்பணியைச் செய்கின்றன. ஸ்டெர்லிங் வெள்ளிக்கு 1999 முதல் '925' என்னும் எண் கட்டாயம். சிங்கமும் ஆண்டெழுத்தும் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளன.

ஆகவே, பழைய வெள்ளி என எவரேனும் ஒரு பொருளை நீட்டினால், பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். முத்திரைகளைப் பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் படியுங்கள். எடையில் மோசடி செய்வது எத்துணைப் பாவமோ, மாற்றில் மோசடி செய்வதும் அத்துணைப் பாவமே. முத்திரையைப் பொறிப்பது இரும்பு அச்சு. அதற்கு மதிப்பளிப்பதோ மனிதரின் நாணயம்.