நெகிழிப் புகையும் நம் நலனும்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த ஊர். ஏரியும் வயலும் சூழ்ந்த இவ்வூர் இன்று நகரோடு ஒட்டி வளர்ந்துள்ளது. வீட்டுக் குப்பையைத் தெருவோரம் கூட்டித் தீயிடும் வழக்கம் தமிழகத்து ஊர்ப்புறங்கள் பலவற்றைப் போல இப்பகுதிக்கும் புதியதன்று. அவ்வழக்கம் விளைக்கும் கேட்டினை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

உழவர் வழக்கில் 'குப்பை' என்னும் சொல் எருவையும் குறிக்கும். 'வயலுக்குக் குப்பை அடித்தல்' என்பது இன்றும் வழங்கும் தொடர். சாணம், சருகு, சாம்பல், காய்கறித் தோல் என அனைத்தும் மண்ணுக்கே உணவாயின. அன்று எரித்ததும் இலையும் சருகுமே. இன்றோ குப்பையின் இயல்பு மாறிவிட்டது. நம் வழக்கம் மட்டும் மாறவில்லை. சருகுக்கு வைத்த அதே தீயை நாம் நெகிழிக்கும் வைக்கிறோம்.

எரிந்தால் பொருள் அழிந்துவிடும் என்பது நம் எண்ணம். உண்மையில் அது உருமாறுகிறது. கழிவை எரிக்கும் ஆலைகளில் குறைந்தது 850 டிகிரி செல்சியஸ் வெப்பமும் புகை வடிகட்டும் கருவிகளும் வேண்டும் என்பது விதி. தெருவோரக் குவியலில் போதிய வெப்பமும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. எனவே நெகிழி அரைகுறையாக வெந்து, கரித்துகளையும் கார்பன் மோனாக்சைடையும் உமிழ்கிறது. குழாய்களுக்குப் பயன்படும் பி.வி.சி. எடையில் பாதிக்கு மேல் குளோரின் கொண்டது. அது எரிகையில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு தோன்றுகிறது. டையாக்சின்களுள் மிகக் கொடியதனை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது.

இப்புகையை முதலில் சுவாசிப்போர் தீயருகே நிற்போரே. ஈர விறகு பற்றவேண்டி வெந்நீர் அடுப்பில் நெகிழிப் பையைச் செருகும் பெண்களும், அருகில் விளையாடும் குழந்தைகளும் நேரடியாகத் தாக்குறுகின்றனர். 2.5 மைக்ரானினும் நுண்ணிய துகள்கள் நுரையீரலின் ஆழத்தை அடைந்து, ஆஸ்துமா, இதயநோய் ஆகியவற்றை மிகுவிக்கின்றன.

கேடு அத்துடன் நிற்பதில்லை. டையாக்சின் மண்ணிலும் புல்லிலும் படிந்து, மேயும் கால்நடையின் கொழுப்பில் தங்கிப் பாலின் வழி நம் இல்லத்துக்கே திரும்புகிறது. மனித உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். இந்தோனேசியாவின் திரோப்போடோ என்னும் ஊரில், சோயாப் பாலாடைத் தொழிற்கூடங்கள் நெகிழிக் கழிவை விறகாக எரித்துவந்தன. அங்கு மேய்ந்த கோழிகளின் முட்டைகளில் மிகுந்த அளவு டையாக்சின் இருந்ததை 2019இல் சூழலியல் அமைப்புகள் கண்டறிந்தன. கறவை மாடுகளை நம்பி வாழும் நம் மாவட்டத்தார் கருதத்தக்க செய்தி இது.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 58 இலட்சம் டன் நெகிழி திறந்தவெளியில் எரிக்கப்படுவதாக இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் மதிப்பிட்டனர். திறந்தவெளியில் குப்பையை எரிப்போர்க்கு 5,000 ரூபாய் தண்டம் விதிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் ஆணையிட்டது. ஒருமுறை பயன்படும் நெகிழிப் பொருள்கள் சிலவற்றுக்குத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டுத் தடை விதித்தது. எனினும் தண்டம் மட்டும் தீயை அணைத்துவிடாது. பால் உறையையும் புட்டியையும் பழைய பொருள் வணிகர் வாங்கிக்கொள்வர். ஷாம்பு உறையையும் பிஸ்கட் உறையையும் வாங்குவார் இலர். அவையே தீக்கு இரையாகின்றன.

அவற்றுக்கும் வழி உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், நெகிழித் துண்டுகளைச் சுமார் 170 டிகிரி வெப்பமுள்ள சல்லியின்மேல் உருகச் செய்து தாருடன் கலந்து சாலையிடும் முறையைக் கண்டார். 2018இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். பி.வி.சி.யை விலக்கி, எரியாது உருக்குவதே அம்முறையின் நுட்பம்.

ஆகவே நாம் செய்யத்தக்கன மூன்று: மட்கும் குப்பையை எருக்குழியில் இடுதல், நெகிழியைக் கழுவி உலர்த்தித் தனிச்சாக்கில் சேர்த்துத் தூய்மைக் காவலரிடம் ஒப்படைத்தல், அவர் வாராத தெருவுக்கு அவரை அனுப்புமாறு உள்ளாட்சி அமைப்பை விடாது கேட்டல். மூன்றாவது நிறைவேறாதவிடத்து முன்னிரண்டும் நெடுநாள் நிலைத்தல் அரிது.