பெரிய டயரும் வண்டியின் முன்பாகமும்

வெம்பாக்கம், ஆரணி வட்டாரங்களில் நெல்லும் வேர்க்கடலையும் விளைவிக்கும் அங்கத்தினர்களுக்கும், பட்டு நெய்யும் அங்கத்தினர்களுக்கும் 'பிக்கப்' என்னும் சிறு சரக்கு மோட்டார் இன்று பெரிதும் பயன்படுகிறது. மூட்டையை ஆலைக்கும், பாவையும் புடவையையும் ஊருக்கு ஊரும் கொண்டு செல்வது அதுவே. பலர் அதனைக் கடன் பெற்றே வாங்குகின்றனர். இத்தகைய வண்டியின் உடலை உயர்த்தி, நிறுவனம் குறித்த அளவினும் பெரிய டயர்களைப் பூட்டும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. சேற்றில் புதையாது, பார்வைக்கும் கம்பீரம் என்பது சொல்லப்படும் காரணம். இதனால் வண்டியின் முன்பாகத்திற்கு நேர்வது என்ன என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது அவசியமாகும்.

பெரிய டயர் வீணான பொருளன்று. ஐஸ்லாந்து நாட்டில் பனிவெளியைக் கடப்பதற்கு 38 அங்குலம் முதல் 44 அங்குலம் வரை உயரமுள்ள டயர்களைப் பூட்டுகின்றனர். காற்றை மிகக் குறைத்து ஓட்டும்போது டயர் அகலப் பரந்து பனியின்மேல் மிதந்து செல்லும். ஆனால் அங்கே டயரை மட்டும் மாற்றி நிறுத்திவிடுவதில்லை. அதற்கேற்பச் சட்டம், வில், திருப்பு உறுப்புகள், பற்சக்கர விகிதம் ஆகியவற்றையும் திருத்தியமைக்கின்றனர். நம்மிடையே பெரும்பாலும் டயர் மட்டுமே மாறுகிறது. தீமையின் வேர் இதுவே.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். டயரின் பக்கத்தில் 215/75 ஆர் 15 என்று பொறித்திருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், உள்வளையம் 15 அங்குலம் என்பது பொருள். அதன் முழு விட்டம் சுமார் 704 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 31 அங்குல டயரைப் பூட்டினால் விட்டம் 787 மில்லிமீட்டராகிறது. அதாவது 12 சதவீதம் மிகுதி. வண்டி உயர்வதோ அதில் பாதி, 42 மில்லிமீட்டர் மட்டுமே.

வளைவில் திரும்பும்போது தரை டயரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்த விசை டயரின் ஆர அளவை நெம்புகோலாகக் கொண்டு சக்கரத்தின் பேரிங்கையும், 'பால் ஜாயிண்ட்' என்னும் குமிழ் மூட்டையும் முறுக்குகிறது. கடப்பாரை நீண்டால் நெம்பும் வலு கூடுவதை நாம் அறிவோம். டயர் மேல்பாகத்தில் உரசாதிருக்க, சக்கரத்தை வெளியே தள்ளும் வளையத்தையும் சிலர் சேர்க்கின்றனர். அப்போது நெம்புகோல் மேலும் நீளுகிறது. பேரிங்கின் ஆயுள், பாரம் ஏறுவதைவிட மிக விரைவாக இறங்குவது. பாரம் 12 சதவீதம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்.

அடுத்து எடையைக் கவனிப்போம். வில்லுக்கு மேலுள்ள எடையை வில் தாங்கிக்கொள்ளும். டயரும் சக்கரமும் வில்லுக்குக் கீழே இருப்பதால், பள்ளத்தின் அடியை நேராக வாங்குபவை. அவற்றின் எடை கூடினால், ஒவ்வொரு பள்ளத்திலும் மேலெழும் கனத்தை அடக்க 'ஷாக் அப்சார்பர்' அதிகம் உழைக்க வேண்டும். கரங்களின் ரப்பர் 'புஷ்'களும் விரைவில் நைந்துபோகும். ஒரு தறிக்கென அமைந்த நாடாவை விடுத்து, அதனினும் கனமான நாடாவை எறிந்தால் நெசவு சிறப்பதில்லை. நாடாவைத் தடுத்து நிறுத்தும் உறுப்புகளே அடிபட்டுத் தேய்கின்றன. இதுவும் அதைப் போன்றதே.

சுருள்வில்லின் மேல் கட்டையிட்டு வண்டியை உயர்த்தினால், முன் கரங்கள் எப்போதும் கீழ்நோக்கிச் சாய்ந்தே நிற்கும். குமிழ் மூட்டு தன் எல்லைக்கருகில் வேலை செய்யும். சக்கரம் பள்ளத்தில் இறங்குகையில் கரம் தடுப்பில் மோதும். 'டை ராட்' சாய்ந்துவிடுவதால், சக்கரம் ஏறி இறங்கும்தோறும் வண்டி தானே சற்றுத் திரும்பும். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியாயின், முன் அச்சுத் தண்டின் மூட்டும் அதன் ரப்பர் உறையும் கெடும். குமிழ் மூட்டு முற்றிலும் கழன்றால், ஓடும்போதே சக்கரம் சாய்ந்து வண்டி கவிழ நேரிடலாம்.

பிரேக்கின் பலனும் குறைகிறது. மிதியை அழுத்தும் வலு அதுவேயானால், மேற்கண்ட டயரில் தரையைப் பற்றும் விசை சுமார் 11 சதவீதம் குறையும். வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி 67 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பாரத்துடன் இறக்கத்தில் வரும் ஓட்டுநர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

சட்டமும் இதனை அனுமதிப்பதில்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தகுதிச் சான்று பெறுவதிலும், விபத்துக் காப்பீட்டிலும் சிக்கல் எழக்கூடும்.

பழைய வண்டியை வாங்க எண்ணும் அங்கத்தினர், முதலில் டயரில் உள்ள அளவைக் கையேட்டில் உள்ள அளவுடன் ஒப்பிட வேண்டும். பின்பு சமதரையில் பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன் கீழ்க் கரத்தின் அடியில் ஜாக்கி வைத்து உயர்த்தி, உறுதியான தாங்கியும் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். ஆட்டம் இருந்தால் மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். அப்போது ஆட்டம் நின்றால் பழுது பேரிங்கில். நில்லாவிடில் குமிழ் மூட்டில் எனலாம். இடவலமாக அசைக்கையில் ஆட்டம் கண்டால் 'டை ராட்' முனையைச் சோதிக்க வேண்டும். டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருத்தல், திருப்புச் சக்கரம் நடுங்குதல், பள்ளத்தில் 'டக்' என்று ஒலித்தல் ஆகியனவும் அடையாளங்களாம்.

சேற்று வழிக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். குறித்த அளவிலேயே ஆழ்ந்த பட்டைகளுடைய டயர்கள் கிடைக்கின்றன. வாங்கும்போது அதிலுள்ள பார எண்ணையும் பார்க்க வேண்டும்: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோவும், 106 என்றால் 950 கிலோவும் தாங்கும். மழைக்காலத்தில் பாரத்தை இரண்டு நடையாகப் பிரித்து ஏற்றுவதும், வயல் வழியின் பள்ளங்களைப் பலர் கூடிக் கல்லும் கிராவலும் இட்டு நிரப்புவதும் செலவு குறைந்த வழிகள். ஒரு வண்டியின் சக்கரத்தைப் பெரிதாக்கினால் பயன் ஒருவருக்கே, அதுவும் சில நாளைக்கே. வழியைச் செப்பனிட்டால் அவ்வழியே செல்லும் அனைவருக்கும் பயன். கூட்டுறவாளருக்கு இவற்றுள் எது உகந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.